தலையணை உறையில் வந்த தொழுவத் தூசி

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் நலம் என்று முதலில் எழுதச் சொன்னேன், பிறகு அதை அடிக்கச் சொன்னேன், இப்போது மறுபடியும் எழுதச் சொல்கிறேன். நலம்தான், ஆனால் எங்கள் நலத்துக்கும் நீ அனுப்பிய பார்சலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் உடம்பைச் சொல்கிறேன். உன் புத்தி நலமா என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கக் கேட்கப்போகிறேன்.

என் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் புதிதாக வந்திருக்கும் வெளுப்புத் திரவம் கையுறைக்குள்ளும் எப்படியோ புகுந்துவிடுகிறது, பேனா பிடித்தால் எரிகிறது. அதனால் இவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், உனக்கு விழப்போகும் திட்டில் பாதி இவளுக்கும் சேர வேண்டியது, தன் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவது நான், மற்றதெல்லாம் அம்மா. அம்மா சொல்வதை நல்ல தமிழில் மாற்றி எழுதுகிறேன், வசவுகளை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். நடுநடுவே அம்மா கை கழுவ எழுந்து போவாள். அப்போதுதான் எனக்கு இடம் கிடைக்கும்.)

பார்சல் வந்த அன்று நான் பகல் ஷிப்டில் இருந்தேன். உன் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையை முடித்துவிட்டுச் சீக்கிரமே வந்திருந்தாராம், கிரீஸ் கையோடு வாங்கி, கிரீஸ் கையோடு பிரித்து, அதே கையோடு இவளிடம் கொடுத்திருக்கிறார். பால் பண்ணையில் வேலை செய்கிற பிள்ளை வீட்டுக்கு என்ன அனுப்புவான், நெய் அனுப்புவான், பால்கட்டி அனுப்புவான், ஒன்றும் இல்லையென்றால் தன் போட்டோவை அனுப்புவான். கன்றுக்குட்டித் தொழுவத்தைப் பெருக்கி அந்தக் குப்பையைத் தலையணை உறையில் போட்டு வாயைத் தைத்து அனுப்புகிறவனை நான் இந்த உலகத்தில் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. கூடவே ஒரு சீட்டு வேறு, "தங்கச்சி, சல்லடையில சலிச்சதுதான், பயப்படாம நல்லா மூச்சு இழு" என்று. பிறகு நான் காகிதம் விரித்து அதில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தேன். வைக்கோல் துணுக்கு, காய்ந்து பொடியான சாணம், மாட்டு மயிர், ஈயின் இறக்கை, ஏதோ பூச்சியின் கால், ஏதோ ஒன்றின் தோல். அது எதன் தோல் என்று யோசிக்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. சலித்ததே இப்படி என்றால் சல்லடையில் தங்கியது என்னவாக இருந்திருக்கும்? அதை வேறு யாருக்காவது அனுப்பினாயா?

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. தூண்டிவிட்டவள் இதோ என் எதிரில் உத்தமி மாதிரி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். பள்ளி நூலகத்தில் ஏதோ ஓர் இதழைப் படித்துவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தன் மூச்சிரைப்புக்கு மருந்தாகத் தூசி அனுப்பச் சொல்லி நேராக உனக்கு எழுதியிருக்கிறாள். (நான் படித்தது இதுதான். மாட்டுக் கொட்டகையை ஒட்டி வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவாக வருகிறது. கொட்டகைத் தூசியில் பலவகைக் கிருமிகள் இருக்கின்றன, அவற்றோடு சிறு வயதிலேயே பழகிய உடம்பு தூசியையும் பூந்தாதையும் பார்த்துப் பதறுவதில்லை. இவ்வளவும் உண்மையாகவே அந்த இதழில் இருந்தது. "சிறு வயதிலேயே" என்ற சொற்களை நான் வேகமாகத் தாண்டிப் போய்விட்டேன். எட்டாம் வகுப்புப் படிப்பதும் சிறு வயதுதானே என்று நினைத்தேன்.) பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் அந்த மூட்டையைத் தன் தலையணைக்குள் திணித்து, அதன் மேல் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்துப் புத்தகம் படித்திருக்கிறாள். உன் அப்பா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "புத்தகப்பூச்சி ஏதோ ஆராய்ச்சி பண்றா, பண்ணட்டும்னு விட்டேன்" என்கிறார். லிஃப்டில் ஆட்கள் சிக்கிக்கொண்டால் கூட இந்த மனுஷன் இப்படித்தான் விட்டுவிடுவார் போலிருக்கிறது.

நான் கதவைத் திறந்ததுமே நாற்றம் அடித்தது. வீட்டுக்குள் ஒரு மாடு கால் நீட்டிப் படுத்திருப்பதுபோல. அப்புறம் ஒரு சத்தம், கெட்டில் கொதித்து விசில் அடிப்பதுபோல மெல்லிசாக. அடுப்பைப் பார்த்தேன், அணைந்திருந்தது. பிறகுதான் புரிந்தது, சத்தம் இவள் நெஞ்சிலிருந்து வருகிறது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள், கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அம்மா என்று சொல்ல வாய் திறந்தாள், பாதிதான் வந்தது. இவளுடைய மூச்சு மருந்துப் பம்பை எடுத்து வாயில் அடித்தேன், கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தேன், அடங்கவில்லை. உதட்டின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. உன் அப்பா இவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார், நான் என்ன நினைத்தேனோ அந்தத் தலையணையோடு பின்னாலேயே ஓடினேன். ஏறிய ஆட்டோவுக்குள் வழியெல்லாம் அதிலிருந்து தூள் உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அந்த வண்டிக்காரர் இனி நம் தெருவுக்கு வரமாட்டார்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே முகத்தில் மூடி போட்டு மருந்துப் புகை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருமத் தொடங்கினாள், இருமி இருமி வந்ததை நான் என் கைக்குட்டையில் பிடித்தேன், பிசின் மாதிரி நூலாக இழுத்தது, நடுவில் ஒரு வைக்கோல் துணுக்கு. எழுதுகிறவள் முகம் சுளிக்கிறாள். உன்னுடையதுதானடி அது, எழுது. மூச்சுப் பிரிவு டாக்டரம்மா வந்து என்ன நடந்தது என்று கேட்டார். உன் அப்பா, வீடு பெருக்கும்போது கொஞ்சம் தூசி என்று இழுத்தார். நான் தலையணையை அவர் மேசையில் வைத்து உதறினேன். அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார், முகத்துக்கு மாஸ்க் போட்டார், அப்புறம் அதற்குள் எட்டிப் பார்த்தார். "எந்த வைத்தியர்மா இதைக் குடுத்தாரு?" என்றார். என் பையன் என்றேன். டாக்டரா என்றார். மாடு கறக்கிறவன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் இவளைத் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். அதற்காகத்தான் அந்த அம்மாவை எனக்குக் கொஞ்சம் பிடிக்கும்.

இவள் படித்தது முழுப் பொய் என்று அவர் சொல்வார் என்று ஆசையோடு காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. "உங்க பொண்ணு படிச்சதுல தப்பில்லம்மா, வயசுதான் தப்பு. அது தொட்டில்ல கிடக்கிற குழந்தைக்கு. பிறந்த முதல் மாசங்கள்ல உடம்பு பாடம் படிக்குது, யாரைக் கண்டா சண்டை போடணும், யாரைக் கண்டா சும்மா விடணும்னு. அதுல நிறையப் பாடம் நடத்துறது வயித்துல குடியிருக்கிற கிருமிங்கதான்னு இப்பச் சொல்றாங்க. பள்ளிக்கூடம் முடிஞ்சு இத்தனை வருஷம் கழிச்சு வாத்தியாரை மூட்டையா கட்டி மூக்குல திணிச்சா பாடமா ஏறும்? மூச்சுத்தான் அடைக்கும்" என்றார். எனக்கு வாத்தியார் கதையெல்லாம் காதில் விழவில்லை. வயிற்றில் குடியிருக்கிற என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். என் பெண்ணின் வயிற்றிலா, நான் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் கொடுத்ததே இல்லையே என்றேன். "உங்க வயித்துலயும்தாம்மா. கோடி கோடியா. நல்லவங்க, கெட்டவங்க, சும்மா உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் கலந்து. அவங்க இல்லாம நீங்க இல்ல" என்று என் வயிற்றைக் காட்டிச் சொன்னார். உன் அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேட்டியா, விருந்தாளி வந்தாலே மூஞ்சியத் தூக்குவ, உனக்குள்ளயே ஒரு ஊரு நடக்குது" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் யாருக்குப் பரிமாறுகிறேன் என்ற நினைப்பு.

அதோடு விட்டாரா. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தார். இங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம், மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளின் வயிற்றில் எந்தக் கிருமி இருக்கிறது, எது இல்லை என்று பார்க்கிறார்களாம், அதற்கு இவளுடைய அது கொஞ்சம் வேண்டுமாம். (டாக்டர் மலம் என்று சொன்னார். அம்மா அந்தச் சொல்லை எழுதக்கூடாது என்கிறாள். இனி "அது" என்றே எழுதுகிறேன், புரிந்துகொள்.) டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார், மூடியோடு சேர்த்து உள்பக்கம் ஒரு குட்டிக் கரண்டி. கரண்டி! அன்றிலிருந்து சமையலறையில் கரண்டியைத் தொடும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் எழுந்துவிட்டேன். "எம் பொண்ணோட அதை யாரும் கண்ணாடி போட்டு எண்ணிப் பாக்க வேண்டாம், மருந்து மட்டும் எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, மருந்து எழுதிக் கொடுத்தார், பம்பை இரண்டு வேளையும் விடாமல் இழுக்க வேண்டும், ஆராய்ச்சி வேறு வைத்தியம் வேறு என்று தெளிவாகச் சொன்னார். கிளம்பும்போது என் பக்கம் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, வீட்டில் தரை துடைக்க என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், சலவைக்கூடத்தில் போடுகிற அதே ரகம், தண்ணீரே கலக்காமல், தரை, கதவுக் கைப்பிடி, இவள் கட்டில் கால் வரைக்கும் என்று. "அந்த நெடியே இவளுக்கு ஆகாதும்மா. சோப்புத் தண்ணி போதும்" என்றார். சுத்தமாக இருப்பதற்கு நான் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. இப்போது சோப்புத் தண்ணீரில்தான் துடைக்கிறேன். துடைத்த மாதிரியே இல்லை. காலை வைத்தால் பிசுபிசுவென்று ஏதோ என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கிறது.

(அம்மா கை கழுவப் போயிருக்கிறாள். அண்ணா, அன்றைக்கு நீ அனுப்பியதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூச்சு வராதபோது நான் நினைத்தது எல்லாம், இதழில் போட்டது பொய்யாக இருக்காதே, நான் எந்த வரியைத் தவறவிட்டேன் என்பதுதான். இதை அம்மாவிடம் சொன்னேன். இன்னும் திட்டினாள்.)

உனக்குத் தெரியும், நான் எதற்காக இப்படி ஆனேன் என்று. தெரியாவிட்டால் ஒரு நாள் என் மேசைக்கு வந்து நின்று பார். மாடிகளிலிருந்து துணி விழும் குழாய் சரியாக என் தலைக்கு மேல்தான் முடிகிறது. மூட்டை மூட்டையாக விழும், அவிழ்க்க வேண்டியது நான். எந்தப் பிரிவுத் துணி என்று பார்க்காமலே மூக்கை வைத்துச் சொல்லிவிடுவேன். சீழ் ஒரு நாற்றம், வாந்தி ஒரு நாற்றம், கிழவர்களின் போர்வை ஒரு நாற்றம். ஊசி இருக்கும், பஞ்சு இருக்கும், ஒரு தடவை பல்செட் இருந்தது, அதை யாரும் தேடி வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. இத்தனையையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள் உங்களைக் கட்டிப்பிடிக்கும் முன் கை கழுவாமல் என்ன செய்வாள்?

இவளை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் வேலைக்குப் போனேன். குழந்தைகள் பிரிவு மூட்டையை அவிழ்த்தேன், வழக்கம்போலச் சின்னச் சின்ன விரிப்புகள், எச்சில், சளி, மூத்திரம். ஒன்றை உதறினேன், மேசையில் வைக்கோல் உதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் ஏது வைக்கோல் என்று எரிச்சலோடு பார்த்தேன். அப்புறம் தெரிந்தது, இவள் படுத்திருந்த விரிப்பு. நடுவில் வேர்வை ஆள் வடிவத்தில் காய்ந்திருந்தது, தலைப்பக்கம் சளி வட்டம் வட்டமாக. பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற, மிஷின்ல தூக்கிப் போடு" என்றாள். வைக்கோலோடு போட்டால் மிஷின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கையுறையோடு எடுத்தால் துணுக்கு பிடிபடவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இத்தனை வருஷத்தில் அந்த மேசையில் நான் வெறும் கையால் எதையும் தொட்டதில்லை. குமட்டியது. இவள் என் வயிற்றில் இருந்தபோது குமட்டியதைவிட அதிகமாகக் குமட்டியது. ஆனாலும் பொறுக்கி முடித்தேன். பொறுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இத்தனை பிள்ளைகளின் விரிப்பு வாராவாரம் விழுகிறது, இந்த மூச்சிரைப்பு ஏன் இந்தப் பிள்ளைகளுக்கு வருகிறது என்று கண்டுபிடிக்க ஒருத்தி ஒரு கரண்டி கேட்டாள், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில் மாடியேறி டாக்டரம்மாவிடம் போனேன். டப்பாவைக் கொடுங்கள் என்றேன், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான். அவர் கொடுத்துவிட்டு, வீட்டில் வேறு பிள்ளை உண்டா, அவனுக்கு மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டார். மாடு கறக்கிற அவன்தான், கொட்டகையிலேயே கிடக்கிறான், தும்மல்கூட வருவதில்லை என்றேன். "அப்ப அவரோடதும் கிடைச்சா ரொம்ப நல்லது. ஒரே அம்மா, ஒரே சமையல். ஒருத்தருக்கு வந்திருக்கு, ஒருத்தருக்கு வரல. எங்க வித்தியாசம்னு பாக்கலாம்" என்றார். அது நான் பல வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி, வேறொருவர் வாயிலிருந்து அப்படியே வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். நீ பிறந்தது வீட்டிலேயே, பழைய ஓட்டு வீட்டில், எனக்கு அப்போது இந்த வேலை கிடையாது. நொண்டி நாய் ஒன்று உன் முகத்தை நக்கிக்கொண்டே இருக்கும், நீ அதன் தட்டில் கைவிட்டுத் தின்பாய், மண்ணைத் தின்றாய், ஒரு தடவை உன் வாயிலிருந்து நான் பாதி மண்புழுவை இழுத்தேன், மறுபாதியைப் பற்றி இன்றுவரை கேட்டதில்லை. இவளோ என் வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. பிறந்ததுமே நெஞ்சில் சளி, கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள், கிருமியைக் கொல்லும் மருந்து நரம்பு வழியாக நாள்கணக்கில் ஏறியது. வீட்டுக்கு வந்தபோது நான் சலவைக்கூடத்துக்காரி ஆகியிருந்தேன், இவள் பொம்மையைக்கூடக் கொதிக்க வைத்தேன், நாயையும் கொடுத்துவிட்டோம். இதையெல்லாம் சொன்னேன். அதனால்தான் வந்ததா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்தார், வெடித்த கையை, கூசாமல். "அந்த மருந்து இல்லன்னா இவ இன்னைக்கு இருந்திருக்க மாட்டா. இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. அப்படிப் பொறந்து நல்லா மூச்சு விடுற பிள்ளைங்க எத்தனையோ இருக்கு. தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு டப்பாவைத் தூக்கிட்டு அலையறேன்?" என்றார். தெரியாது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் டாக்டரை நான் பார்த்ததில்லை.

டப்பாவை நிரப்பிய கதையை எழுதத் தேவையில்லை. (தேவை இருக்கிறது, அம்மா கழுவப் போய்விட்டாள். அப்பா கதவுக்கு வெளியே நின்று "ஆச்சா, லிஃப்ட் கீழ வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கரண்டியால் எடுக்க வேண்டியது நான்தான் என்று தாளில் போட்டிருந்தது, ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து எடுத்தது அம்மா. மூக்கில் துணி கட்டியிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, அது நாற்றத்தால் என்று சொன்னாள். ஆய்வகத்தில் கொடுக்கும்வரை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதால் பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவில் வைத்து, மூன்று உறைக்குள் போட்டு, பேருந்தில் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பாட்டி பை ஜில்லென்று பட்டதும் "ஐஸ்கிரீமாம்மா, உருகிடப் போகுது" என்றார். அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டாள். "பிள்ளைக்கு ஒரு வாய் குடுக்கக் கூடாதா, பாவம் பாத்துக்கிட்டே வருது" என்று பாட்டி என் தலையைத் தடவினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அண்ணா, நான் அம்மா சிரித்துப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று.) என்ன எழுதிக்கொண்டே இருக்கிறாள் இவள், நான் சொன்னது ஒரு வரிதானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் ஒரு வெள்ளை டப்பா இருக்கும். உனக்கு அனுப்புவதில் ஏதோ திரவம் ஊற்றியிருக்கிறார்கள், அதனால் பனிக்கட்டி வேண்டாம், தபாலில் வந்தாலும் கெடாதாம். திரவத்தைக் கொட்டிவிடாதே, குடித்தும் தொலைக்காதே. கரண்டி அளவுக்கு மேல் வேண்டாம், தாராளமாக இருக்க இது இடமில்லை. தாளில் எப்படி என்று படம் போட்டிருக்கிறது, அந்தப் படத்தை வரைந்தவனைப் பெற்றவள் என்ன நினைப்பாளோ. மூடியை இறுக்கி மூடு, மறுபடி ஒரு தடவை இறுக்கு, திரும்பிவரும் விலாசம் ஒட்டியே இருக்கிறது, நேராக டாக்டரம்மாவுக்குப் போகும்படி. தப்பித்தவறிக்கூட நம் வீட்டு விலாசத்தை எழுதிவிடாதே. பெற்ற பிள்ளையிடம் ஒரு தாய் கேட்கக்கூடிய பொருளா இது, சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. கேட்காமலேயே ஓர் அசிங்கத்தை அனுப்பினவன், கேட்டபோது வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதே. இதனால் இவளுக்கு நாளைக்கே மூச்சு சரியாகிவிடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், இவளுக்கே பயன்படுமோ, இனிப் பிறக்கப்போகும் எவள் பிள்ளைக்கோ பயன்படுமோ தெரியாது. எவள் பிள்ளையாக இருந்தாலும் விரிப்பு என் மேசைக்குத்தான் வருகிறது.

நீயும் அந்தக் கொட்டகையைப் பெருக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள், உனக்கு ஒன்றும் வரவில்லை என்பதற்காகத் திமிராக இருக்காதே. கறந்துவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதே. கன்றுக்குட்டி முகத்தை நக்கவிடாதே, நக்கவிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா உன்னை விசாரித்தார், லிஃப்டுக்குள் பிடித்த ஏதோ பூச்சியை உனக்கு அனுப்பலாமா என்று கேட்டார், முறைத்தேன். இவள் இப்போது பரவாயில்லை, பம்பு ஒழுங்காக இழுக்கிறாள், நேற்று மூன்று மாடியும் நிற்காமல் ஏறினாள், நான் பின்னாலேயே ஏறி எனக்குத்தான் இரைத்தது. தூசியைத் தெருக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டேன். உறையை எறிய மனம் வரவில்லை. நீ கிளம்பும்போது நான் தைத்துக் கொடுத்த உறை அது, இரண்டில் ஒன்று என்று தையலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இன்னொன்றை ஏற்கெனவே கிழித்திருப்பாய். அப்படியென்றால் இத்தனை நாளாக உறையில்லாத தலையணையிலா படுக்கிறாய், அடுத்தவன் தலை எண்ணெயிலா? நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது. கொதிக்க வைத்துத் துவைத்தேன், வெயிலில் போட்டேன், மறுபடி கொதிக்க வைத்தேன். கன்றுக்குட்டி நாற்றம் போகவே இல்லை. முகத்தில் வைத்துப் பார்த்தேன், சகிக்கவில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன், அதில் இனி உன் தலையை மட்டும் வை.

நோய் நொடி இல்லாமல், நல்ல காற்றோடு, வயிற்றில் யார் யார் குடியிருக்கிறார்களோ அத்தனை பேரோடும் சேர்ந்து நீ நன்றாக இரு. மூடியை மறக்காதே.

கையைக் கழுவிவிட்டு இங்கே கையெழுத்திடும்,
உன் அம்மா